தறி ஃபிட்டரின் மகள் ஸ்டட்கார்ட்டில்

ஜெர்மனியில் நான் இருக்கும் ஸ்டட்கார்ட்டில், ஓடாத மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இதையெல்லாம் யாரும் பழுது பார்ப்பதில்லை, பழைய மின்சாமான் சேகரிக்கும் இடத்தில் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. போயிருந்தது வெறும் கப்லர், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும், பல் தேய்ந்த ஒரு வில்லை. அப்பா இருந்திருந்தால் சட்னிக்குத் தேங்காய் உடைப்பதற்குள் மாற்றியிருப்பார்.

அந்த மிக்ஸியே அவர் கட்டிக் கொடுத்ததுதான். "அங்கயும் நம்ம ஊரு மாதிரியே 230 வோல்ட்தான் கண்ணு, தைரியமா எடுத்துட்டுப் போ. பிளக்க நான் வந்து மாத்தித் தர்றேன்" என்றார். சொன்னபடி வந்து மாற்றியும் தந்தார்.

சேலம் அம்மாபேட்டையில் அப்பாவுக்குத் தறி பழுது பார்க்கும் வேலை. சேலையில் பூ வேலை விழ வைக்கும் ஜக்கார்டு பெட்டியில் துளை அட்டை சிக்கினாலோ, ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா நேராக ஓடாமல் இடித்தாலோ ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். போனதும் தறியில் கை வைக்க மாட்டார். நெய்கிறவரை நெய்யச் சொல்லிவிட்டு, நெய்கிறவர் கால் வைக்கும் தறிக் குழிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அஞ்சு அடிக்கு ஒருக்கா இருமுது பாருங்க, அதுக்குக் கஷாயம் வேணும்" என்று சொல்லி, எண்ணெய்க் குப்பியை எடுப்பார். வீட்டில் அலமாரி முழுக்க ஹார்லிக்ஸ் பாட்டில்கள். கப்லர், கார்பன் பிரஷ், புஷ், நட்டு எல்லாம் அதில்தான். எதில் என்ன இருக்கிறது என்று குலுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஸ்டட்கார்ட் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இங்கே குடியிருப்புகளில் மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை உண்டு, கேர்வோஹே என்பார்கள். யார் முறை என்று பாராமல் அப்பா விடியற்காலையில் எழுந்து மூன்று மாடியையும் பெருக்கிவிடுவார். கீழ்வீட்டுப் பாட்டி பதறிப்போய் வந்து கேட்டார். "அவங்க முறையையும் சேர்த்து அவங்களே பெருக்கிட்டதா எழுதிக்கச் சொல்லு" என்றார் அப்பா. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று தெருவில் வைத்திருக்கும் அட்டைப்பெட்டிகளைப் பார்த்துவிட்டால் போதும், நடை அங்கேயே நின்றுவிடும். மேசை விளக்கு, சுவர்க் கடிகாரம், கால் உடைந்த முக்காலி என்று கொண்டுவந்து சரி செய்து, மறுபடி அதே பெட்டியில் வைத்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை டிரில் போடக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம தெருவுல தறிச் சத்தம் கேக்கலைன்னாதான, யாருக்கு என்ன ஆச்சோன்னு போய்ப் பார்ப்போம்?" என்றார்.

என் மகள் தமிழில் இருபது வரை எண்ணக் கற்றுக்கொண்டது ஏற்காட்டு மலைப்பாதையில். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் பலகையைப் பார்த்துத் தாத்தா கும்பிடுவார். "ஏழாம் நம்பர் அண்ணே, முட்டி வலி தேவலையா?" அடுத்த வளைவுக்கு இவள் கேட்க வேண்டும். மேலே போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். வாந்தி வரும் என்று பயந்து புளிப்பு மிட்டாயோடு உட்கார்ந்திருந்தவள் அதை வாயில் போடவே இல்லை.

போன வருஷம் தை மாதம் அவர் போய்விட்டார். ஃப்ராங்க்ஃபர்ட், சென்னை, அங்கிருந்து கார் என்று நான் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியின் மோட்டார் கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. அழுது ஓய்ந்த நேரத்தில் பெரியப்பா மகன் சொன்னார்: "சித்தப்பாவே எழுந்து அடியில ஒரு அட்டைய மடிச்சு வச்சுட்டு மறுபடி படுத்துக்கப் போறாரு பாருங்க." கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். அம்மாவும்தான். அப்புறம் அந்தச் சிரிப்பே பெரிய அழுகையாக மாறியது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. பனிக்காலத்து இருட்டும், நாலு வகைக் குப்பைத் தொட்டியும் இப்போது ஒரு பொருட்டே இல்லை. பழகாதது ஒன்றே ஒன்று, நல்ல சாமானைத் தூக்கிப் போடுவது. திறந்து பார்க்காமலே ஒரு பொருளைச் செத்துப்போனதாகச் சொல்வது அநியாயம். 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் பழுது பார்ப்பதை ஊக்குவிக்கச் சட்டமே கொண்டுவந்தது. அப்பா கேட்டிருந்தால், "இதுக்கெல்லாமா சட்டம், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதாதா?" என்றிருப்பார். கடைசியில் தம்பி அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்தே கப்லர் எடுத்துக் கூரியரில் அனுப்பினான். பழையதைக் கழற்ற, வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். சின்ன வயதில் என் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டியிருக்கிறார்.

ஊர் வீட்டில் அப்பா இழுத்த வயரிங் அப்பாவுக்கு மட்டும்தான் புரியும். சுவிட்சுகளுக்குக் கீழே பெயின்ட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். "இந்த ஃபேன் மெதுவாத்தான் சுத்தும், திட்டாதே." "மோட்டார் – போட்டுட்டுத் தூங்கிடாதே." கோடி சுவிட்சுக்குக் கீழே, "இது எதுக்குன்னு எனக்கும் தெரியாது." போன மாதம் மோட்டார் ஓடவில்லை என்று வந்த எலெக்ட்ரீஷியன், அந்த சுவிட்ச் எதற்கு என்று அம்மாவின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். தெரியாது என்றேன். கழற்றிவிடட்டுமா என்றார். பின்னாலிருந்து அம்மா குரல் வந்தது:

"அவரே தெரியாதுன்னு எழுதி வச்சிருக்காரு, நீ என்னப்பா புதுசாக் கண்டுபிடிக்கப் போற? அத விட்டுட்டு மோட்டாரப் பாரு."