பாவாடை நாடாவுக்குக் கீழே ஒரு கறுப்புப் பொருக்கு

ஐப்பசி மழை விட்டு பாலாற்றங்கரைப் புல் முழங்கால் உயரம் வளர்ந்ததும், வேலூர்ப் பக்கத்துக் காய்ச்சல் பிரிவுகளில் ஒரே புலம்பல் திரும்பத் திரும்பக் கேட்கும்: "டெங்கு இல்லன்னுட்டாங்க, டைபாய்டுக்கு ஊசியும் போட்டாச்சி, எட்டு நாளா ஜுரம் வுடவே இல்ல. இன்னா சார் இது?" ஒடுகத்தூரிலிருந்தும் வருவார்கள், குடியாத்தத்திலிருந்தும் வருவார்கள், எல்லை தாண்டிச் சித்தூரிலிருந்தும் வருவார்கள். ஆகஸ்டில் தொடங்கிப் பிப்ரவரி வரை, இந்தக் கேள்விக்கு முதலில் நினைக்க வேண்டிய பதில் ஸ்க்ரப் டைபஸ்.

பத்திரிகைகள் இதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. அந்தப் பெயரே பாதி வேலையைக் கெடுக்கிறது. உண்ணி என்றதும் மாட்டின் காதும் நாயின் கழுத்தும்தான் நினைவுக்கு வரும். "எங்க வீட்ல நாயே இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியாவை மனிதருக்குத் தருவது உண்ணி அல்ல. சிகர் எனப்படும், 0.2 மி.மீ. அளவே உள்ள ஒரு நுண்பூச்சியின் குஞ்சு. பளிச்சென்ற வெயிலிலும் கண்ணுக்குப் படாது. குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் கடிக்கும், அதுவும் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே முறை. வளர்ந்த பிறகு மண்ணுக்குள் மற்றப் பூச்சிகளின் முட்டையைத் தின்று காலம் தள்ளும். கிருமி தாய்ப்பூச்சியிலிருந்து முட்டைக்குப் போய்விடுவதால், அது வழக்கமாகக் கடிக்கும் எலியை மட்டும் ஒழித்துப் பயனில்லை. எலி போய்ப் பூச்சி மிஞ்சினால், பசித்த பூச்சி அடுத்து வருகிறவரின் காலைத்தான் தேடும்.

உண்மையிலேயே உண்ணியால் வருவது லைம் நோய். அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் இணையத்தில் படித்துவிட்டு வந்து கேட்பதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்து லைம் என்ற ஊரில் 1975 வாக்கில் கவனத்துக்கு வந்தது. பொரேலியா என்ற சுருள் கிருமி, இக்ஸோடிஸ் வகை உண்ணி. கடித்த 3 முதல் 30 நாளுக்குள் 5 செ.மீ.க்கு மேல் விரியும் சிவப்புப் படை அதன் அடையாளம். படை தெரிந்தால் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருப்பதில்லை. ஆரம்ப வாரங்களில் அது பொய்யாக நெகட்டிவ் காட்டும். உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவதோ நெருப்பு வைப்பதோ கூடாது. நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். இரண்டு நோய்க்கும் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து பொது. ஆனால் லைமுக்குக் கேட்கும் அமாக்ஸிசிலின் ஸ்க்ரப் டைபஸைத் தொடக்கூடத் தொடாது. அந்த வேறுபாட்டை மறந்தால் நம் ஊரில் உயிர் போகும்.

நம் ஊர் நோயின் அடையாளம் எஸ்கார் எனும் பொருக்கு. சிகரெட்டால் சுட்ட இடம்போல நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு வளையம், அரை முதல் ஒரு செ.மீ. அகலம். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோயாளி அதைச் சொல்வதில்லை. "உடம்புல எங்கயாவது புண் இருக்கா?" என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, தெரியாது. கேட்காமல் பார்க்க வேண்டும்.

எங்கே பார்ப்பது என்பதற்குப் பூச்சியே வழி காட்டுகிறது. அது காலில் ஏறி, துணி இறுக்கிப் பிடித்திருக்கும் இடம் வரை ஊர்ந்து, அங்கே மேலே போக முடியாமல் நின்று கடிக்கும். பெண்களுக்குப் பாவாடை நாடா பதியும் வரி, மார்புக்கு அடியில், அக்குள். ஆண்களுக்கு அரைஞாண் கயிறு, தொடை இடுக்கு, விரைப்பை. இருவருக்கும் தொப்புள், பிட்டத்துப் பிளவு, முழங்காலின் பின்மடிப்பு. குழந்தைகளுக்கு இவற்றோடு காதுமடலின் பின்புறமும் தலைமுடிக்குள்ளும். வியர்வை தேங்கும் மடிப்பில் பொருக்கு கறுக்காது; வெளிறிய மஞ்சளாக, ஈரப் புண்ணாகக் கிடக்கும். கறுப்பையே தேடும் கண் அதைக் கடந்துபோய்விடும். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள். மாநிறத் தோலில் சிவப்பு வளையம் மங்கலாகத்தான் தெரியும் என்பதால் டார்ச் வெளிச்சம் தேவை.

நான்கு நிமிட வேலை. ஆனால் நூறு பேர் வரிசையில் நிற்கும் காலை வேளையில் அந்த நான்கு நிமிடம் கிடைப்பதில்லை. திரை இல்லாத அறையில் எந்தப் பெரியம்மாவும் முந்தானையை விலக்க மாட்டார். "பெரிம்மா, பூச்சி கடிச்ச எடம் இருக்கான்னு பாக்கணும், நர்ஸம்மா கூடவே இருப்பாங்க" என்று காரணத்தைச் சொல்லிக் கேட்டால் மறுப்பவர் குறைவு. நோட்டில் 'பொருக்கு இல்லை' என்று எழுதுகிறவர் முழு உடம்பையும் பார்த்திருக்க வேண்டும். பார்க்காவிட்டால் 'பார்க்கவில்லை' என்றே எழுதட்டும், அடுத்த ஷிப்டில் வருகிறவராவது பார்ப்பார். எல்லாருக்கும் பொருக்கு இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ரத்தத்தில் தட்டணு குறையும், உடனே டெங்கு என்ற முத்திரை விழும். டெங்குவில் வெள்ளையணுவும் பெரும்பாலும் சரியும். ஸ்க்ரப் டைபஸில் அது இயல்பாகவோ கூடியோ இருக்கும். கல்லீரல் நொதிகள் ஏறும். நோய்க்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா பரிசோதனை முதல் ஐந்தாறு நாளில் நெகட்டிவாக வரலாம். பழைய தொற்றின் ஐஜிஎம் மாதக்கணக்கில் தங்குவதால், பாசிட்டிவ் என்பதும் அப்படியே நம்பத்தக்கதல்ல. பொருக்கைப் பெயர்த்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் வீண். முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது. இரண்டாம் வாரத்தில்தான் மூச்சுத் திணறல், சிறுநீரகக் கோளாறு, மூளைக்காய்ச்சல் எல்லாம் வரிசை கட்டும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, 7 நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் 500 மி.கி., தினம் ஒரு வேளை, 5 நாள். குழந்தைகளுக்கு எடை பார்த்து அளவு. குறுகிய கால டாக்ஸிசைக்ளினால் பல் கறைபடும் என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் இல்லை. "ஒரு ஊசியாவது போடுங்க" என்று கேட்பவருக்காகப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. சரியான மருந்து போனால் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் நோயறிதலையே மறுபடி யோசிக்க வேண்டும்.

நோய் முற்றிப் படுத்தவர்களுக்கு ஒரு மருந்து போதுமா, இரண்டா என்ற கேள்விக்கு வேலூர் சிஎம்சி தலைமையில் 7 இந்திய மருத்துவமனைகள் செய்த ஆய்வு 2023-இல் விடை தந்தது. இறப்பு, நீடிக்கும் சிக்கல், விடாத காய்ச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் ரத்தநாளம் வழியாகச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 33%, ஒன்றை மட்டும் கொடுத்தவர்களில் 47, 48%. இறப்பை மட்டும் தனியாக எடுத்தால் பெரிய வேறுபாடு இல்லை.

மாத்திரை தோற்பது பெரும்பாலும் வீட்டில்தான். ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தால், டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். மறுநாள் சோறு இறங்காது, மாத்திரை நின்றுபோகும். அதனால் இரவு மாத்திரையை ஏழு மணிச் சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு கொடுத்து, அரை மணியாவது உட்கார வையுங்கள். பால், ஜெலுசில், இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் இரண்டு மணி நேரம் தள்ளி. மூன்றாம் நாள் ஜுரம் விட்டதும் மிச்ச மாத்திரையைப் பரணில் போடுகிறவர்கள்தான் திரும்பி வருகிறார்கள்.

தடுப்பூசி கிடையாது. ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்பதும் இல்லை. ஆடிப் பட்டத்து மல்லாட்டை பிடுங்குவதும், நூறு நாள் வேலைக்காரர்கள் ஏரிக்கரைப் புதர் வெட்டுவதும் இந்த மாதங்களில்தான் வருகின்றன. சாப்பாட்டு நேரத்தில் புல்லில் உட்காராமல் தார்ப்பாய் விரிக்கலாம். கழற்றிய சட்டையைச் செடிமேல் போட வேண்டாம். டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த களிம்பைக் கணுக்காலிலும் இடுப்பிலும் தடவலாம். வீட்டுக்கு வந்ததும் வேலைத் துணியோடு பாயில் சாயாமல், சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, துணியை வெந்நீரில் ஊறப்போடுங்கள். துவட்டும்போது அரைஞாண் கயிற்றைச் சற்றுத் தூக்கி, அதன் அடியையும் துடைத்துவிடுங்கள்.