மிளகுச் சிமிழும் ஜாம் போத்தல் விளக்கும்

பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று குழுவில் மூன்று தரம் செய்தி போட்டுவிட்டார்கள். கிரிக்கெட், விடுதிச் சாப்பாடு, மதில் பாய்ந்த கதை எல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

1992. யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போய் இரண்டு வருடம். பாடப்புத்தகத்தில் இல்லாததை எல்லாம் சொல்லித் தரும் தமிழ் மாஸ்டர் அன்று பழைய சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்குப் போய்விட்டார். யவனருடைய, அதாவது கிரேக்க, ரோம வியாபாரிகளுடைய கப்பல்கள் பொன்னோடு வந்து கறியோடு திரும்பின என்று அகநானூறு சொல்கிறது என்றார். பழந்தமிழில் கறி என்றால் மிளகு என்று அவர் விளக்குவதற்குள் பின்வாங்கில் இருந்தவன், "ஆட்டுக்கறி எண்டு நினைச்சன் சேர்" என்றான். வகுப்பே சிரித்து முடிந்த பிறகு நான் கேட்டேன், அவ்வளவு மிளகும் எங்கே சேர் போனது? "நீ போய்ப் பார்த்திட்டு வந்து சொல்லு" என்றார்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இங்கே லண்டனில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வீட்டு வேலை கொடுத்திருந்தார்கள்: ரோமர் போன பிறகு, ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் பிரித்தானியாவில் வாழ்க்கை எப்படி மாறியது? சரி, வா பார்ப்போம் என்று பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கேதான் அந்த மிளகைக் கண்டேன், அதாவது மிளகு இருந்த சிமிழை. வெள்ளியில் ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவம், உள்ளங்கை உயரம்தான், பின்னி அலங்கரித்த கூந்தல், கையில் ஒரு சுருள். அடியில் ஒரு தட்டு இருக்கிறது, ஒரு நிலைக்குத் திருப்பினால் மூடிக்கொள்ளும், இன்னொரு நிலையில் மிளகு தூவலாம், மற்றதில் உள்ளே நிரப்பலாம். சஃபோக்கில் ஹொக்ஸ்ன் என்ற ஊரில், வயலில் தொலைந்துபோன சுத்தியலைத் தேடப் போனவர் கண்டெடுத்த புதையலில் இருந்தது. 14,000க்கு மேல் நாணயங்களும் அதோடு இருந்தன. கண்டெடுத்தது எப்போது என்று பார்த்தால் 1992 நவம்பர்! நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்துக்கொண்டிருந்த அதே வருடம்.

அந்த நாணயங்களில் கடைசியானவை 407, 408ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அதே 408இல் ரோமாபுரியை முற்றுகையிட்ட, கோத் என்ற ஜேர்மானிய இனத்தின் தலைவன் அலாரிக், விலகிப் போவதற்குக் கேட்டவற்றில் 3,000 றாத்தல் மிளகும் ஒன்று. ரோமர் போனார்கள் என்று சொல்கிறோமே ஒழிய எல்லோரும் மூட்டை கட்டிக் கப்பல் ஏறிவிடவில்லை. 407இல், பிரித்தானியாவில் இருந்த படை பேரரசனாக்கிய மூன்றாம் கொன்ஸ்தந்தைன் அந்தப் படையைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்தான், 410 அளவில் ரோம ஆட்சி முடிந்தது, சனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். ஆனால் படைக்குச் சம்பளம் கொடுக்கத்தான் நாணயம் வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் இருந்த வெள்ளிக்காசின் ஓரத்தை வெட்டி எடுத்துச் சமாளித்தார்கள். ஹொக்ஸ்ன் காசுகளில் அந்த வெட்டு அப்படியே தெரிகிறது. பிறகு அதுவும் இல்லை.

காசு இல்லாவிட்டால் சந்தை இல்லை. சந்தை இல்லாவிட்டால் ஒக்ஸ்ஃபோர்ட் பக்கத்திலும் நியூ ஃபொறெஸ்ட்டிலும் ஆயிரக்கணக்கில் பானை வனைந்தவன் யாருக்கு விற்பான்? சில பத்து வருடங்களுக்குள் அந்தச் சூளைகள் எல்லாம் அணைந்துவிட்டன, மட்பாண்டச் சக்கரமே வழக்கொழிந்து போனது. அடுத்த தலைமுறை கையால் பிசைந்து செய்த பானையில் சமைத்தது. ஆணியடித்த சப்பாத்தும் ஆணியடித்த சவப்பெட்டியும் போய்விட்டன. ஓட்டை நாணயம் என்று நாங்கள் கேலியாகச் சொல்வது அங்கே நிஜமாகவே நடந்தது: பழைய ரோமக் காசில் துளை போட்டுப் பெண்கள் கழுத்தில் கட்டினார்கள், புதைகுழிகளில் கிடைத்திருக்கிறது.

இதை மகளுக்கு விளங்கப்படுத்த எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. பொருளாதாரத் தடை வந்தபோது எங்களுக்கும் ஒவ்வொன்றாகத்தான் போனது. பற்றரி, சவர்க்காரம், பெற்றோல். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, திரியைக் கம்பியில் தாங்க வைத்து விளக்கு ஆக்கினோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி மெலியும். ஒரு வித்தியாசம், எங்களுக்குத் திரும்பி வந்தது, அவர்களுக்குப் பல தலைமுறை வரவில்லை.

ஆங்கிலோ-சாக்சன் ஆட்கள் வந்து எல்லாவற்றையும் அழித்தார்கள் என்று சொல்லித்தான் நானும் கேட்டிருக்கிறேன். அவர்கள் வட கடலுக்கு அப்பாலிருந்து பெருந்தொகையாக வந்தது உண்மைதான், பழைய எலும்புகளின் மரபணு ஆய்வும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் நகரங்கள் அதற்கு முதலே காலியாகத் தொடங்கிவிட்டன. வந்தவர்களுக்குக் கல் வீடு பழக்கமில்லை, மரமும் கூரைப்புல்லும்தான். சஃபோக்கில் வெஸ்ற் ஸ்ரோ என்ற இடத்தில் அவர்களுடைய கிராமத்தைத் தோண்டியெடுத்து, வீடுகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் புகை மணமும் தறியும், எங்களுடைய ஊர்க் குசினி மாதிரித்தான். பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ரோம வரிகாரனும் அங்கே வரமாட்டானே.

லண்டன் கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. ரோமர் கட்டிய மதில் அப்படியே நிற்க, உள்ளே ஆளில்லாமல் கறுத்த மண் படிந்துகொண்டிருந்தது. 7ஆம் நூற்றாண்டில் சாக்சன் வியாபாரிகள் மதிலுக்கு வெளியே, இப்போதைய கொவென்ற் கார்டன் பக்கம், சந்தை போட்டுக் குடியிருந்தார்கள். 886இல் ஆல்ஃபிரட் மன்னன் மதிலுக்குள் திரும்பக் குடியேற்றியபோது வெளியே இருந்தது பழைய சந்தையாகிவிட்டது. அந்தப் பெயர்தான் ஓல்ட்விச். பத்து வருடமாக நான் வேலைக்கு பஸ் ஏறும் இடம், பெயருக்கு அர்த்தம் இருக்கும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. பழைய ஆங்கிலக் கவிதை ஒன்று இடிந்த ரோமக் கட்டடத்தைப் பார்த்து இராட்சதர் செய்த வேலை என்கிறது. எங்கள் ஊரில் பெரிய குளத்தைப் பூதம் கட்டியது என்று சொல்வோமே, அதேதான்.

வீட்டுக்கு வந்து மகள் எழுதத் தொடங்கினாள். மிளகு திரும்ப வந்ததா அப்பா என்று கேட்டாள். வந்தது. 735இல் ஜாரோ மடத்தில் பீட் என்ற துறவி, ஆங்கிலேயரின் வரலாற்றை எழுதிய அதே ஆள், சாகக் கிடந்தபோது தன் பெட்டியில் இருந்த அருமையான பொருள்களை எடுத்து மற்றத் துறவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். கைத்துணியும் சாம்பிராணியும் கொஞ்சம் மிளகும்.

"எத்தனை மிளகு?"

"நீ போய்ப் பார்த்திட்டு வந்து சொல்லு" என்றேன்.