பருப்பு வேகாத மலையும் எங்கள் பிசிக்ஸ் சாரும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்திலிருந்து கேட்டபோது, எதை எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. விளையாட்டு விழாவையும் விடுதிச் சாப்பாட்டையும் எழுத வேறு நண்பர்கள் இருக்கிறார்கள். எண்பதுகளில் நமக்கு வெப்பமும் ஆற்றலும் நடத்திய பிசிக்ஸ் சாரைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெயர் போடவில்லை. அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ஆள் யாரென்று உடனே தெரிந்துவிடும்.

அவர் பாடத்தைச் சூத்திரத்தில் தொடங்க மாட்டார். நாங்கள் வீட்டில் கேட்டு வந்து சொல்லும் பேச்சில்தான் தொடங்குவார். ஏற்காட்டு காபி எஸ்டேட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன் ஒருவன், "எங்க ஊர்ல பருப்பு லேசுல வேகாது சார், அவ்வளவு குளிரு" என்றான். அந்த ஒரு பேச்சை வைத்தே வாரக்கணக்கில் பாடம் நடந்தது.

குளிர்தான் காரணம் என்று வகுப்பே ஒப்புக்கொண்டது. சார் மறுக்கவில்லை. "சரி, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் குளிர் மட்டும்தான் வித்தியாசமா?" என்று கேட்டுவிட்டுச் சாக்பீஸை எங்களிடம் கொடுத்துவிட்டார். எழுத எழுதப் பட்டியல் நீண்டது. தண்ணீர் வேறு. உப்பேறிய போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது நம் அம்மாக்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பருப்பு வேறு, நாள்பட்ட பருப்பு வேக நேரம் எடுக்கும். பாத்திரம், அடுப்பு, விறகின் ஈரம், மூடி போட்டார்களா இல்லையா. கடைசியாக ஒருவன் உயரம் என்றான். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும்.

இத்தனையும் சேர்ந்து மாறும்போது குளிரின் மேல் மட்டும் எப்படிப் பழி போடுவது? ஒன்றை மட்டும் மாறவிட்டு மற்றதையெல்லாம் கட்டிப்போட வேண்டும் என்று எங்கள் வாயிலிருந்தே வரவழைத்தார். ஒரே மூட்டைத் துவரம்பருப்பு, ஒரே நேரம் ஊறியது. அதே அலுமினியப் பாத்திரம், அதே மண்ணெண்ணெய் ஸ்டவ். குழாயில் வந்த மேட்டூர் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டோம். முதலில் பள்ளி ஆய்வகத்தில், அப்புறம் பஸ் ஏறி மலையில். வெப்பமானியும் அதேதான். இதில் சார் ரொம்பக் கண்டிப்பு. அது அரை டிகிரி தப்பாகக் காட்டினாலும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித்தான் தப்பும், வித்தியாசம் கெடாது என்றார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

சேலத்தில் தண்ணீர் 99 டிகிரியில் கொதித்தது. ஏற்காட்டில் 95. ஸ்டவ்வை எவ்வளவு பம்ப் அடித்தாலும் அந்த 95 நகரவில்லை. தண்ணீர் வேகமாக ஆவியானதுதான் மிச்சம். பருப்பு வேகவும் கூடுதல் நேரம் ஆனது. இதோடு விட்டிருக்கலாம். ஆனால் குளிரும் அழுத்தமும் இன்னும் பிரியவில்லையே என்று சார் பிடித்துக்கொண்டார். மார்கழி விடியலில், சேலமே நடுங்கும் நேரத்தில், பள்ளித் திண்ணையில் மறுபடி தண்ணீர் வைத்தோம். கொதி வரக் கொஞ்சம் தாமதமானது, ஆனால் கொதித்தது அதே 99இல். அப்போதுதான் வகுப்பு குளிரைக் கைவிட்டது. காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான் என்று புரிந்தது. மலையில் பிரஷர் குக்கர் வைத்தால் உள்ளே அழுத்தம் கூடி 118 டிகிரி வரை ஏறும், பருப்பு குழைந்துவிடும் என்று அதன் பிறகே சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் நாங்கள் மனப்பாடம் செய்திருப்போம், அவ்வளவுதான்.

திரும்பி வருகிற பஸ்ஸிலும் பாடம் உண்டு. 10 டன் பஸ் 1,200 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 11.8 கோடி ஜூல் நிலை ஆற்றல் எங்கேயாவது போக வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் 400 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். 20 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கையே நம்பினால் அது காய்ந்து பிடிக்காமல் போகும். அதனால்தான் டிரைவர் கியரைக் குறைத்து எஞ்சினையும் இழுக்க வைக்கிறார்.

ஏற்காட்டில் உள்ள கிளியூர் அருவியில் சார் சொன்னதுதான் என் மனசில் ஆழமாக நின்றது. சால்ஃபோர்டில் மதுவடிப்பவர் வீட்டுப் பிள்ளையான ஜேம்ஸ் ஜூல், எடை கீழே இறங்கும்போது சுழலும் துடுப்பால் தண்ணீரைக் கலக்கி, அது சூடாவதை 1840களில் அளந்தவர். அப்படியானால் விழுகிற அருவியும் அடியில் சற்றுச் சூடாக இருக்க வேண்டும். 1847இல் மணமாகி ஆல்ப்ஸ் பக்கம் போனபோதும் கையில் வெப்பமானியோடு போய் அதை அளக்கப் பார்த்தார். தண்ணீர் சிதறியதால் முடியவில்லை. கிளியூர் 300 அடி, அதாவது ஏறக்குறைய 90 மீட்டர். கணக்குப்படி அடியில் 0.2 டிகிரி கூடும். எங்கள் வெப்பமானியில் ஒரு டிகிரிக்கு ஒரு கோடு. நாங்கள் மேலும் கீழும் வைத்துப் பார்த்தோம், வேறுபாடு தெரியவில்லை. "தெரியவில்லை என்றே எழுது. கணக்கில் வந்த எண்ணை நோட்டில் அளவாக எழுதக் கூடாது" என்றார். சாரலில் ஆவியாகித் தண்ணீர் குளிரவும் செய்யும், அதையும் யோசி என்றார்.

நான் இப்போது வளைகுடாவில் பெரிய கட்டடங்களுக்குக் குளிர்நீர் அனுப்பும் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். குளிர் குறைகிறது என்று புகார் வந்தால், ஃபில்டரை மாற்றி, வால்வைத் திருகி, பம்ப் வேகத்தையும் ஒரே மூச்சில் கூட்டுவது பல இடங்களில் வழக்கம். சரியாகிவிடும், எது சரியாக்கியது என்று யாருக்கும் தெரியாது, அடுத்த மாதம் அதே புகார் வரும். என் ஷிப்டில் ஒன்றை மாற்றினால் வெப்பநிலை எழுதிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். புதிதாக வரும் தம்பிகளுக்கு அந்தப் பருப்புக் கதையைச் சொல்லித்தான் இதைப் பழக்குகிறேன்.

இந்த ஆண்டு நம் சங்கம் பள்ளி ஆய்வகத்துக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்தால், பத்தில் ஒரு டிகிரி காட்டும் வெப்பமானிகள் சில வாங்கலாம் என்பது என் வேண்டுகோள். கூடவே ஒரு வகுப்புப் பிள்ளைகள் மழைக்குப் பிறகு கிளியூர் போய்வர பஸ் செலவும். அந்த 0.2 டிகிரி கிடைக்கிறதா என்று அவர்கள் பார்க்கட்டும். என் பங்கை நான் இப்போதே தரத் தயார்.