அதையே போஸ்ட் பண்ணுங்க

"மாதிரி அனுப்பியிருக்கேன் சார், அதையே போஸ்ட் பண்ணுங்க, வேலை செய்யும்." எதிர்த்தரப்பின் சேவையோடு நம் மென்பொருளை இணைக்க, அதை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பைக் கேட்டதற்கு அவர்கள் தந்த பதில் இவ்வளவுதான். பொய்யில்லை, வேலை செய்தது.

கையில் இருந்தது சோப் முறையில், அதாவது எக்ஸ்எம்எல் செய்தியாக, ஒரு ரிக்வெஸ்ட், ஒரு ரெஸ்பான்ஸ். அதை வைத்து நாமே டபிள்யூஎஸ்டிஎல் எழுதி அதிலிருந்து சேவையை அழைக்கும் கிளையன்ட் கோடைத் தானாக உருவாக்கலாம். இல்லையென்றால் எக்ஸ்எம்எல்லை நேரடியாகக் கட்டி அனுப்பலாம். இரண்டாவதுதான் முடிவானது. ஊகத்தில் எழுதிய டபிள்யூஎஸ்டிஎல்லைப் பிறகு வருகிறவர் ஒப்பந்தம் என்றே நம்பிவிடுவார். எந்த ஃபீல்டு கட்டாயம், எது விருப்பம் என்பது ஒரே மாதிரியைப் பார்த்துத் தெரியாது. இந்த வாதம் இன்றும் சரியென்றே படுகிறது.

ஆனால் மாதிரியில் பாடி, அதாவது எக்ஸ்எம்எல்தான் இருக்கும், அதோடு போகும் எச்டிடிபி ஹெடர் இருக்காது. வெளி உறையான என்வலப்பின் நேம்ஸ்பேஸை (எலிமென்ட் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் முகவரி போன்ற சரம்) பார்த்துத்தான் சோப் பதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். 1.1 என்றால் கன்டென்ட் டைப் டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல், சோப்ஆக்ஷன் தனி ஹெடராக, மேற்கோள் குறிக்குள். 1.2 என்றால் அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல், ஆக்ஷன் அதற்குள்ளேயே ஒரு பராமீட்டர். மாற்றிப் போட்டால் பெரும்பாலும் 415, அதாவது 'இந்த வகை ஏற்கப்படாது' என்ற பிழை வரும். அது பரவாயில்லை, முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

சொல்லாமல் கழுத்தறுப்பது நேம்ஸ்பேஸ். மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்எம்எக்ஸ் சேவைகளில் 'டெம்ப்யூரி.ஆர்க்/' என்று இருப்பதில் கடைசிச் சாய்கோட்டை விட்டால் அது வேறு நேம்ஸ்பேஸ். உள் எலிமென்டில் இந்தப் பிசகு நேர்ந்தால் ஃபால்ட் என்ற பிழைச் செய்தி வராது; அந்த ஃபீல்டு நல், அதாவது வெறுமையாகப் போய்ச் சேரும், திரும்பி வருவது வெற்றி என்று சொல்லும் 200. ஸ்டேட்டஸ் கோடை நம்பாமல், அனுப்பிய எண் ரெஸ்பான்ஸில் அப்படியே வருகிறதா என்று ஒப்பிட்டே ஆக வேண்டும். 1.1-இல் ஃபால்ட் 500 என்ற சர்வர் பிழைக் குறியீட்டுடன்தான் வரும். பல எச்டிடிபி லைப்ரரிகள் 500 என்றதும் எக்ஸப்ஷன் எறியும். அந்த இடத்தில் பாடியைப் படித்து பிழைக் காரணம் இருக்கும் ஃபால்ட்ஸ்ட்ரிங்கை லாகில் எழுதாவிட்டால் காரணமே கிடைக்காது.

ஸ்ட்ரிங்கை ஒட்டி எக்ஸ்எம்எல் கட்டுவது இன்னொரு வம்பு: பெயரில் ஒரு & வந்தால் பார்சர் படுத்துவிடும். இத்தகைய குறிகளைத் தானே மாற்றி எழுதும் எக்ஸ்எம்எல் ரைட்டர் அவசியம். கிளையன்ட் கோடு உருவாக்கியிருந்தால் இதுவும் நேம்ஸ்பேஸும் தானாகவே சரியாகியிருக்கும் என்பதையும் மறுக்க முடியவில்லை.

டைம்அவுட் விஷயம் இதைவிடச் சிக்கல். பதில் வராமல் இணைப்பு அறுந்தால், அங்கே பதிவானதா இல்லையா? தகவல் கேட்கும் அழைப்பை மறுபடி அனுப்பலாம். பதிவு செய்யும் அழைப்பென்றால் நம் ரெஃபரன்ஸ் எண்ணை வைத்து முதலில் நிலவரம் கேட்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் ஆள் பார்த்து முடிவெடுக்கும் வரிசையில் போட வேண்டும். இதை டபிள்யூஎஸ்டிஎல்லும் சொல்லியிருக்காது. அதில் இருப்பது மெசேஜின் வடிவமும் முகவரியும். அப்படியானால் அதற்காக ஏன் அவ்வளவு மல்லுக்கட்டினோம் என்றும் தோன்றுகிறது.