மஞ்சள் அட்டையும் மஞ்சப்பையும்

கைக்குழந்தையோடு தனியாக விமானம் ஏறப் போகிறேன் என்றதும் தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். விமானம் மேலே ஏறும்போது பால் கொடு, காது அடைக்காது. தலைக்குக் குல்லா போடு. கன்னத்தில் மை கொஞ்சம் பெரிதாகவே வை. கென்யாவுக்குள் பிளாஸ்டிக் கவர் கொண்டுபோகக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் பாப்பாவின் அப்பா. அதுவும் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு. ‘கவர் எதுவும் எடுத்து வராதே, கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து தடை, ஏர்போர்ட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்’ என்று ஒரு மெசேஜ். பட்டாளத்துக்காரருக்கு இதை ஒரு வாரம் முன்னால் சொல்லத் தெரியாதா என்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! டயபர் ஒரு கவரில், கவுன்கள் ஒரு கவரில், முளைகட்டிய கேழ்வரகு மாவு இரண்டு கவர் போட்டு, அழுக்குத் துணிக்கென்று காலிக் கவர்கள் தனியாக. பெட்டி முழுக்கக் கவர்தான்.

அத்தை ஒன்றும் பேசாமல் பீரோவின் அடித்தட்டைத் திறந்து மஞ்சப்பைகளை எடுத்துப் போட்டார். பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாம் கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுத்தவை. ஒன்றில் மணமக்கள் பெயர் துவைத்துத் துவைத்து அழிந்துபோய் ‘நன்றி, மீண்டும் வருக’ மட்டும் மிச்சமிருந்தது. அதில்தான் டயபர்களை அடுக்கினேன்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். 2024 அக்டோபரில், பாப்பாவுக்கு நாற்பத்தெட்டாவது நாள், ஐ.நா. மிஷனுக்காக தெற்கு சூடானுக்குக் கிளம்பினார். ஒரு வருடப் பணி, தலைநகர் ஜூபாவில் அலுவலக வேலை. யூ.என். மிஷன் என்றால் எங்கள் பக்கம் மதிப்பு. வேலூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்கள் உண்டு, நீலத் தொப்பி போட்ட போட்டோ கூடத்தில் தொங்கினால் அதற்குத் தனி மரியாதை. ஆனால் ஜூபா குடும்பத்தை அழைத்துப் போகக்கூடிய இடமில்லை. விடுப்பு சேர்ந்தால் அவர் வெளியே வரலாம். ஊருக்கு வந்து போனால் பயணத்திலேயே நாலு நாள் போய்விடும். ஜூபாவிலிருந்து நைரோபிக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. அதனால் நாங்களே நைரோபி போய்விடலாம் என்று முடிவு.

உகாண்டாவின் என்டெபே இன்னும் பக்கம்தான். அங்கே வேண்டாம் என்று சொன்னவர் எங்கள் குழந்தை மருத்துவர். ஏரிக்கரை ஊர், மலேரியா அதிகம். நைரோபி சுமார் 1,800 மீட்டர் உயரம், ஏற்காட்டைவிட மேலே, கொசு குறைவு. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் எங்கள் ஏப்ரல் திட்டத்தைக் கவிழ்த்தது: மஞ்சள் காய்ச்சல்.

கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து திரும்பும்போது தடுப்பூசி போட்டதற்கான மஞ்சள் அட்டை கையில் இல்லாவிட்டால் நம் விமான நிலையத்திலேயே நிறுத்தி ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். போட்டுக்கொண்டால் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். ஏப்ரலில் பாப்பாவுக்கு ஏழு மாதம். ஒன்பது மாதம் ஆகாத குழந்தைக்கு அந்த ஊசி கிடையாது. எனக்கும் கூடாது என்றார் மருத்துவர். அது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸால் ஆன தடுப்பூசி. தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போன சம்பவங்கள் உண்டு. ஒன்பது மாதம் முடியட்டும், இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடலாம் என்றார். ஒன்பது மாதத்தில்தான் தட்டம்மை ரூபெல்லா ஊசியும் வருகிறது. அதுவும் அதே வகை. இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நாலு வாரம் இடைவெளி விட வேண்டும். அவர் இடைவெளி விடலாம் என்றார். ஜூன் 3 ஒரு ஊசி, ஜூலை 4 இன்னொன்று. போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும்.

போனில் இதைச் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ‘ஜூலையா’ என்றார். அவ்வளவுதான்.

நடுவில் மார்ச் மாதம் ஒன்று வந்தது. தெற்கு சூடானில் நாசிர் என்ற ஊரில் ஐ.நா. ஹெலிகாப்டரைச் சுட்டார்கள், அதில் பணியாளர் ஒருவர் இறந்தார். மாத இறுதியில் துணை அதிபரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். இங்கே தமிழ்ச் செய்தியில் ஒரு வரிகூட வராது. நான் நடுராத்திரியில் போனில் தேடித் தேடிப் படிப்பேன். 2013இல் அங்கே ஜோங்லே பகுதியில் ஐந்து இந்திய வீரர்கள் பதுங்கித் தாக்கியதில் இறந்தது மாமாவுக்கு நினைவிருக்கிறது. அவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். அவரிடம் எதையும் மறைக்கவும் முடியாது, எதையும் பேசவும் முடியாது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் ஏன், அக்டோபரில் அவனே வந்துவிடுவான் என்று அத்தை முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே தானாகப் பேச ஆரம்பித்தார். மாமா அமைதிப்படையில் இலங்கைக்குப் போனபோது என் வீட்டுக்காரர் கைக்குழந்தையாம். போன் கிடையாது, இன்லேண்டு லெட்டர்தான். மாமா திரும்பி வந்தபோது பையனுக்கு ஒன்றரை வயது. அப்பாவைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டவன் சோற்றுக்குக்கூட வெளியே வரவில்லையாம். ‘நாலு நாள் இந்த மனுஷன் வாசல் திண்ணையிலேயே படுத்தார்’ என்றார். அப்புறம் கீரைத் தண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேண்டாம் என்ற பேச்சு அதன் பிறகு வரவில்லை.

ஊசி போடக் காட்பாடியிலிருந்து கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வரை போய் வந்தோம். ஒரே நிமிடம், ஒரு மஞ்சள் புத்தகம். இந்த அட்டை இப்போது வாழ்நாள் முழுக்கச் செல்லும். பாப்பா பாட்டியான பிறகும் இதை வைத்துக்கொண்டு ஆப்பிரிக்கா போகலாம். கென்யாவின் மின்னணுப் பயண அனுமதி கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். அதற்கு ஏற்றிய போட்டோவில் எங்கள் பாப்பா தேர்தலில் தோற்ற வேட்பாளர் மாதிரி இருந்தாள். நைரோபியில் ஜூலை 7 அன்று, ‘சபா சபா’ என்ற போராட்ட நினைவு நாளில், போராட்டமும் துப்பாக்கிச் சூடும். அது கொஞ்சம் அடங்கட்டும் என்று 19ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டோம்.

சென்னையிலிருந்து மும்பை, அங்கிருந்து நைரோபி ஆறு மணி நேரம். முன்வரிசையில் தொட்டில் மாட்டும் இடம் வேண்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதிக் கேட்டு, சரி என்று பதிலும் வாங்கியிருந்தேன். மும்பை கவுன்டரில் அப்படி எதுவும் பதிவில் இல்லை என்றார்கள். எந்த கம்பெனி என்று சொல்லப் போவதில்லை; எல்லோருமே இப்படித்தான் என்று பிறகு பலர் சொன்னார்கள். ஆக ஆறு மணி நேரம் ஒன்பது கிலோ என் மடியில். காதுக்காகப் பால் கொடுத்தேன், அது பலித்தது. பக்கத்தில் நைரோபியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு குஜராத்திப் பாட்டி. நான் பாத்ரூம் போக எழுந்தபோது கேட்காமலே கையை நீட்டினார். திரும்பி வந்து பார்த்தால் பாப்பா அவருடைய கண்ணாடியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து நான் எடுத்துப் போனதெல்லாம் கையில்லாத காட்டன் கவுன். நைரோபியில் ஜூலை குளிர்காலம். விடிகாலையில் பன்னிரண்டு டிகிரி. விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்தபோது குழந்தையை என் துப்பட்டாவில் சுற்றி, கையில் மஞ்சப்பையோடு, கோயம்பேட்டில் பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி நின்றேன்.

அவர் அங்கே நின்றிருந்தார். மெலிந்திருந்தார். கழுத்து மட்டும் கறுத்திருந்தது. அவர் கையை நீட்ட, பாப்பா போட்ட அலறலில் வாடகைக் கார் ஓட்டுநர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிர்பார்த்ததுதான், பத்து மாதத்தில் எந்தக் குழந்தையும் புது முகத்துக்கு அழும் என்று இருவருக்கும் தெரியும். தெரிந்து என்ன? காரில் அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவேயில்லை, அழுவாள் என்று. பாதி வழியில் ஓட்டுநரிடம் ஏதோ பேசினார். குரல் கேட்டதும் பாப்பா அழுகையை நிறுத்தி, என் கைப்பையைத் தட்ட ஆரம்பித்தாள். போன் அதில்தான் இருந்தது. அவளுக்கு அப்பா என்றால் அந்தக் கறுப்புக் கண்ணாடி. தினமும் சாயங்காலம் அதை நக்கி முத்தம் கொடுப்பாள். போனை எடுத்துக் கொடுத்தேன். திரையில் யாரும் இல்லை. முன்சீட்டில் இருப்பவரிடமிருந்து குரல் வருகிறது. அவள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் எங்களுக்குள் சண்டை. டயபரை அவர் படுக்கை விரிப்பை மடிப்பது போல மூலைக்கு மூலை வைத்து ஒட்டப் பார்த்தார், நான் பிடுங்கிவிட்டேன். ‘எனக்கும் கற்றுக்கொள்ள நேரம் கொடு’ என்றார். பன்னிரண்டு நாளில் எங்கே நேரம் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அப்புறம் நடந்ததற்குக் காரணம் நானும் இல்லை, அவரும் இல்லை. இந்திய நேரத்துக்கும் கென்ய நேரத்துக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். காட்பாடியில் ஐந்தரைக்கு எழுந்து பழகியவள் நைரோபியில் மூன்று மணிக்கு ‘விடிந்துவிட்டது’ என்று உட்கார்ந்துவிடுவாள். மூன்றாம் நாள் என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அழுகைச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஐந்து மணிக்குத் திடுக்கிட்டு எழுந்து ஓடினேன். அடுக்களைத் தரையில் அவர் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார், ஸ்வெட்டர் பாப்பா மேல் சுற்றியிருக்கிறது. எதிரில் பாப்பா கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுகிறாள். அவள் ஒருமுறை தட்டினால் அவர் ஒருமுறை. அவள் இரண்டு தட்டினால் இவரும் இரண்டு. பேச்சே இல்லை. குரல் கேட்டால் போனைத் தேடுகிறாள் என்று கண்டுபிடித்து வாயை மூடிக்கொண்டாராம். நான் போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து மூன்று முதல் ஐந்து வரை அவர்கள் டியூட்டி.

மற்றபடி ஊர் சுற்றியதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை. லங்காட்டாவில் ஒட்டகச்சிவிங்கி பார்க்கப் போனோம். அவ்வளவு பெரிய மிருகம் தலைக்கு மேல் நிற்கிறது, பாப்பா வேலியில் உட்கார்ந்த காக்காவைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள். அங்கே காக்காவுக்கு நெஞ்சு வெள்ளை. ஊட்டுவதற்கு அதுவும் உதவியது. அங்கத்திய உகாலி வேறு ஒன்றுமில்லை, வெள்ளை மக்காச்சோள மாவில் கிளறிய நம் களிதான். மசித்துப் பாலில் கரைத்தால் சொட்டு விடாமல் சாப்பிட்டாள். கேழ்வரகு மாவு பிரிக்காமலே திரும்பி வந்தது.

தங்கிய இடத்தில் வீடு கூட்ட வந்த அம்மா என்னை ‘மாமா’ என்று கூப்பிட்டபோது பகீரென்றது; எங்கள் வீட்டில் மாமா என்றால் மீசை வைத்த ஹவில்தார். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. பிள்ளை பெயரைச் சேர்த்துத் தாயை அழைப்பது அவர்கள் வழக்கம். குழந்தை பெயர் என்ன என்று கேட்டார். வாய் பழக்கத்தில் பாப்பா என்றேன். அவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார். பாப்பா என்றால் அங்கே சுறாமீன். கிளம்பும்வரை நான் ‘மாமா பாப்பா’, அவர் ‘பாபா பாப்பா’. சுறாவைப் பெற்றவர்கள்.

கடைசி நாள் அவருக்குக் காலையில் விமானம், எங்களுக்கு ராத்திரி. மூன்று மணிக்கு வழக்கம்போல எழுந்து இருவரும் பாத்திரம் தட்டினார்கள். அவர் கிளம்பும்போது அவள் தூங்கிவிட்டாள். எழுப்ப வேண்டாம் என்றார்.

மும்பையில் சுகாதார கவுன்டரில் இரண்டு மஞ்சள் அட்டையையும் வாங்கிப் பார்த்து முத்திரை குத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்துக்காக மூன்று மாதம் காத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம் ஜூபாவிலிருந்து வீடியோ கால். அத்தை போனைப் பாப்பா முன்னால் பிடித்தார். திரையில் அவரைப் பார்த்ததும் சிரித்தாள். வழக்கம்போல நக்கப் போகிறாள் என்று அத்தை முந்தானையைத் தயாராக வைத்திருந்தார். அவள் நக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்து வாங்கி, திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தாள். பிறகு தவழ்ந்து அடுக்களைப் பக்கம் போனாள்.

‘என்ன பண்றா, காட்டு’ என்று தரையில் கிடந்த போனிலிருந்து அவர் கத்திக்கொண்டிருந்தார். மாமாதான் போனை எடுத்துக்கொண்டு பேத்தி பின்னால் போனார்.