ஐ.எஸ்.டி. (IST) என்றால் எந்த ஊர் நேரம்?

2008 அக்டோபர் 26 அன்று மொரீஷியஸ் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினோம். ரோஸ்ஹில் வீட்டில் ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருப்பியது நான்தான். மாலையில் மின்சாரத் தேவையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் மார்ச் கடைசியில் காலை ஏழு மணிக்கும் சூரியன் வரவில்லை. தம்பி அரை இருட்டில் பள்ளிக்குக் கிளம்புவான், அம்மா வாசல் விளக்கை அணைக்காமல் நிற்பார். 2009 மார்ச் 29 அன்று பழைய நேரத்துக்கே திரும்பினோம். அதன்பின் மாற்றவில்லை. எனக்கு அதுவே நிம்மதி.

நாம் மாறாவிட்டாலும் லண்டன் மாறுகிறதே! அக்காவுக்கும் எனக்கும் அங்கே குளிர்காலத்தில் நான்கு மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்று.

அதைவிடச் சுருக்கெழுத்துதான் பெரிய தொல்லை. போன ஜூலையில் ஒரு வேலை நேர்காணலுக்கு 'மாலை 3, ஐ.எஸ்.டி.' என்று எழுதியிருந்தார்கள். இந்திய நேரம் என்று நினைத்து மதியம் ஒன்றரைக்கே தயாராக உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. அது அயர்லாந்தின் கோடை நேரமாம்; நமக்கு மாலை ஆறு. இஸ்ரேலுக்கும் இதே மூன்று எழுத்துதான். இப்போதெல்லாம் உலகப் பொது நேரமான யுடிசியோடு (UTC) எத்தனை மணி கூட்ட வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நமக்கு நான்கு.