வீட்டுப்பாடப் பழக்கம்: ஒரு வகுப்பறை ஆய்வுக்குத் திட்டமிட்ட அனுபவம்

மொரிஷியஸில் தொடக்கப் பள்ளித் தமிழாசிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும்: பிள்ளைகள் தமிழ் வீட்டுப்பாடம் செய்து வருவதில்லை. என் ஐந்தாம் கிரேடு வகுப்பிலும் பாதி நோட்டுகள் வெறுமையாகத்தான் வரும். இதை ஒழுங்காக ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஒருவழியாகத் திட்டம் எழுதி, அனுமதியும் வாங்கியாகிவிட்டது.

பெரும்பாடு பட்டது கேள்வியை முடிவு செய்யத்தான். 'ஏன் செய்வதில்லை?' என்று கேட்டால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். 'செய்தால் மதிப்பெண் கூடுமா?' என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006இல் வீட்டுப்பாடம் பற்றிய அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மேல் வகுப்புகளில் தெரிந்த அளவுக்குத் தொடக்க வகுப்புகளில் தெரியவில்லை. என் ஒரு வகுப்பை வைத்து அதை நான் தீர்த்துவிட முடியாது. ஆகவே எப்போது, எங்கே, யார் துணையோடு எழுதுகிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் தகவல் திரட்டும் கருவி. 'போன வாரம் எத்தனை மணி நேரம் எழுதினாய்?' என்று கேட்டால் பிள்ளைகள் குத்துமதிப்பாக ஏதோ சொல்வார்கள். அதனால் தினசரிக் குறிப்புத்தாள் ஒன்று தயாரித்தேன். மேலே கடிகாரப் படம், தொடங்கிய நேரத்துக்கு முள் வரைய வேண்டும். கீழே வீடு, டியூஷன், பாட்டி வீடு, பஸ் என்று நான்கு படங்கள், எழுதிய இடத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். வீட்டில் பேசுவது பிரெஞ்சு அடிப்படையிலான கிரியோல் மொழி என்பதால் குறிப்புகளையும் கிரியோலிலேயே எழுதினேன்.

வேறு வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் முன்னோட்டம் பார்த்தபோது ஒரு சிறுமி கேட்டாள்: "மிஸ், டியூஷன்ல கொடுத்த பாடத்தையும் போடணுமா?" நல்ல கேள்வி! ஆறாம் கிரேடில், தொடக்கப் பள்ளி முடிவில் எழுதும் பி.எஸ்.ஏ.சி. தேர்வு காத்திருப்பதால், பள்ளி விட்டதும் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் இங்கே ஏராளம். இரண்டு இடத்துப் பாடத்தையும் சுமந்துகொண்டு வீடு திரும்பும் பிள்ளை எதை முதலில் எடுக்கிறது என்பதுதான் நான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். தாளை இரண்டு பத்தியாகப் பிரித்தேன்.

அனுமதிக்குத் தலைமையாசிரியர் வழியாக அமைச்சகத்துக்கு விண்ணப்பம் போனது. 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 16 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அதற்கான படிவத்தையும் சேர்த்து அனுப்பினேன். பிள்ளைக்கு விருப்பமில்லையென்றால் எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பிள்ளைகளிடம் நேரிலும் சொல்லப்போகிறேன்.

பாடம் நடத்துவதும் நான், விசாரிப்பதும் நான் என்றால் பிள்ளைகள் எனக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள். ஆகவே தாள்களைக் கொடுத்து வாங்கும் பொறுப்பைப் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஏற்றுக்கொண்டிருக்கிறார். தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியலும் அவரிடமே இருக்கும்.

காலத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. முதல் பருவத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளி மூடிவிடும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் வீடுகளில் மாலை நேரமே மாறிப்போகும். வழக்கமான வாரங்களாக வேண்டும் என்பதால் இரண்டாம் பருவத்துக்கு வைத்திருக்கிறேன். ஒப்புதல் படிவங்கள் இப்போதுதான் வந்துகொண்டிருக்கின்றன. ஓர் அம்மா படிவத்தின் ஓரத்தில், 'நாங்கள் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு வருகிறோம், அதையும் கணக்கில் எடுங்கள்' என்று எழுதியிருந்தார். பெரியவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்கும் தாளில் ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன்.